கொழுப்பு எதற்கு சார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். வரலாற்று வகுப்பில் தூங்கியவர்களையே நான் அதிகம் எழுப்பியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 1987-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். "அப்பா, உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் கெட்டிஸ்பர்க் அழைத்துப் போனார். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, மூன்று நாள், அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த ஊர். இப்போது புல்வெளியும் வேலியும் பீரங்கிகளும் நினைவுக் கற்களுமாக இருக்கிறது. அங்கே பழைய காலத்து நீல நிறப் பட்டாள உடுப்புப் போட்ட ஒருவர், கூட்டத்துக்கு நடுவே நின்று அந்தக் காலத்துத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். குண்டு போடவில்லை, மருந்து மட்டும்தான்.

இடுப்பில் கட்டியிருந்த தோல்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு தோட்டாவை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோய், பல்லால் கடித்து அதன் நுனியைக் கிழித்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட விஷயம் கண்ணெதிரே நடந்தது. "1857 புரட்சியின் உடனடிக் காரணம்: பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள்." இரண்டு மதிப்பெண். இதை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேனோ!

பேரனை விட்டு, அது என்ன துப்பாக்கி என்று கேட்கச் சொன்னேன். "என்ஃபீல்டு, 1853 மாடல்" என்றார் அவர். மீரட்டுக்கும் பாரக்பூருக்கும் சொந்தமென்று நான் நினைத்திருந்த அதே என்ஃபீல்டு, இங்கே கெட்டிஸ்பர்க்கில்! அந்தப் போரின்போது சுமார் 9 லட்சம் என்ஃபீல்டு துப்பாக்கிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன, வடக்கர், தெற்கர் இரண்டு பக்கமும் வாங்கினார்கள் என்று அவர் விளக்கினார். அப்புறம் ஒரு ஈயக் குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நுனி அளவு. முனை கூர்மை, அடிப்பக்கம் குடைந்து குழிவாக இருந்தது. இடுப்பைச் சுற்றி மூன்று பள்ளமான வளையங்கள். "இந்தப் பள்ளங்களில் கொழுப்பு தடவுவார்கள்" என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தான்.

1987. எட்டாம் வகுப்பு. கொழுப்புத் தோட்டாவைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். நரிக்குறவர் காலனியிலிருந்து வந்துகொண்டிருந்தவன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, அந்த செட்டில் படித்தவர்களுக்குத் தெரியும்.

"சார், கொழுப்பு எதுக்கு சார்?"

"தோட்டாவுல தடவறதுக்குடா."

"இல்ல சார். எங்கப்பா துப்பாக்கிக்குக் கொழுப்பே தடவ மாட்டார். அது பாட்டுக்கு வெடிக்குது. இதுக்கு மட்டும் எதுக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "பரீட்சையில அதெல்லாம் கேட்க மாட்டான், உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருஷத்தில் அதற்கப்புறம் அவன் எழுந்து எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவனை உட்கார வைத்தது எனக்குச் சுலபமாகப் போயிற்று.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு, இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் படித்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாக, அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் அப்பாவின் துப்பாக்கி. நம் ஊர் ஏரிக்கரையில் அவர் கொக்கு சுட வரும்போது நானே பார்த்திருக்கிறேன். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டுவார். தேங்காய் நாரைத் திணித்து, நீளக் கம்பியால் இடிப்பார். மேலே சின்னச் சின்ன ஈய ரவைகள். மறுபடி நார், மறுபடி இடி. பின்பக்கம் ஒரு கேப்பைச் செருகி, குதிரையை இழுத்துவிட்டுக் குறி பார்ப்பார். குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும், தண்ணீர்க் குழாய் மாதிரி. ரவை தளர்வாக உள்ளே போகும், தளர்வாக வெளியே வரும். கொழுப்புக்கு அங்கே வேலையே இல்லை. பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நம் பக்கத்துச் சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27-ல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று சிப்பாய்கள் தூக்கியதும் இதே வகைதான், வழவழப்பான குழல். ஆங்கிலேயர்களின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர், குண்டு அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் சிறியது. சுடும்போது அந்த இடைவெளியில் குண்டு இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதைப் பொறுத்து அதன் திசை. நூறு கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். அதனால்தான் அந்தக் காலத்துப் படைகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். குறியைவிட எண்ணிக்கையை நம்பிய சண்டை அது.

குழலின் உட்புறத்தில் மரை போல வளைந்து செல்லும் பள்ளங்களை வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு போகும். சுழல்கிற பம்பரம் சாயாமல் நிற்கிற மாதிரி, சுழல்கிற குண்டும் தடுமாறாமல் நேராகப் போகும். இது ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்தான். அந்தப் பள்ளங்களுக்கு ரைஃபிளிங் என்று பெயர். நாம் 'ரைஃபிள்' என்று சொல்வதே அதிலிருந்து வந்ததுதான்.

சிக்கல் எங்கே என்றால், பள்ளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் குண்டு குழலுக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுவது பெரும்பாடு. சில சமயம் மரச்சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். ஒருவன் அதைத் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாதாரணத் துப்பாக்கிக்காரன் இரண்டு மூன்று தடவை சுட்டுவிடுவான். அதனால் ரைஃபிள் வேட்டைக்காரர்களிடமும் சில சிறப்புப் படைகளிடமும் மட்டுமே இருந்தது.

ஆக, தேவைப்பட்டது இதுதான்: போகும்போது தளர்வாகப் போக வேண்டும், வரும்போது இறுக்கமாக வர வேண்டும்.

இந்தப் புதிரை அவிழ்த்த கதையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. துப்பாக்கி வரலாற்று நூல்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஜான் நார்ட்டன் என்ற ஆங்கிலப் படைத் தலைவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவில் இருந்தார். இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் அம்பு வைத்து ஊதி வேட்டையாடுவதைக் கவனித்தார். அம்பின் அடிப்பக்கத்தில் தண்டின் மெத்தென்ற சோற்றுப்பகுதியைச் செருகியிருந்தார்கள். ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், காற்று வீணாகாது. இதைப் பார்த்துத்தான், அடிப்பக்கம் குடைந்த ஈயக் குண்டு செய்யலாம் என்ற யோசனை அவருக்கு வந்ததாம். மருந்து வெடிக்கும் வேகத்தில் குழிவான அடி விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். அந்த ஊதுகுழல்காரர் யார், எந்த ஊர், என்ன பெயர்? நான் பார்த்த நூல்களில் 'சுதேசிகள்' என்பதோடு சரி.

ஆங்கில அரசு நார்ட்டனின் குண்டை ஏற்கவில்லை. 1849-ல் பிரான்ஸில் மின்யே என்ற அதிகாரி இதே வழியில் ஒரு குண்டைச் செய்து பெயர் வாங்கினார். பிறகு அந்த ஆங்கில அரசே அவருக்கு 20,000 பவுன் கொடுத்து அதை வாங்கியது. மின்யே குண்டின் அடியில் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம் இருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பர்ட்டன் என்பவர், கிண்ணமே வேண்டாம், குழிவே போதும் என்று காட்டினார். என் கையில் வைத்துப் பார்த்தது அந்தக் குண்டுதான்.

என்ஃபீல்டின் குழல் 39 அங்குலம். உள்ளே மூன்று பள்ளங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அவை வளைகின்றன. அதாவது குழலுக்குள் குண்டு அரைச் சுற்றுதான் சுற்றும். கணக்குப் பிள்ளைகளே, இதைப் பாருங்கள்: நொடிக்கு 900 அடி வேகம் என்று வைத்துக்கொண்டால், ஆறரை அடிக்கு ஒரு சுற்று. நொடிக்கு 138 சுற்று! அந்த அரைச் சுற்று போதும். துப்பாக்கியின் மேல் இருந்த குறிப்பலகையில் 900 கெஜம் வரை அளவு போட்டிருந்தார்கள்.

இப்போது கொழுப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கறுப்பு மருந்து வெடித்த பின் குழலுக்குள் கரி போலக் கட்டிக்கொள்ளும். வழவழப்பான, தளர்வான குழல் என்றால் சமாளிக்கலாம். என்ஃபீல்டில் குழலுக்கும் குண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சில தடவை சுட்டதுமே குண்டு இறங்காது, பள்ளங்களும் அடைத்துக்கொள்ளும். கரியை இளக்கவும், குண்டு வழுக்கி இறங்கவும் கொழுப்பும் மெழுகும் வேண்டும். அமெரிக்கக் குண்டில் அதை வளையப் பள்ளங்களில் தடவினார்கள். ஆங்கிலேயர்களின் என்ஃபீல்டு குண்டுக்கு வளையம் கிடையாது, சுற்றியிருந்த காகிதத்திலேயே தடவினார்கள். சிப்பாய் பல்லால் கடிக்க வேண்டியது அந்தக் காகிதச் சுற்றின் மறுமுனையை.

அப்பனே, உன் கேள்விக்கு இதுதான் பதில். உன் அப்பாவின் துப்பாக்கியில் பள்ளம் இல்லை, அதனால் கொழுப்பு வேண்டியதில்லை. என்ஃபீல்டில் பள்ளம் இருந்தது, அதனால் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று நீ கேட்டது, அந்தப் பாடத்தின் உயிர்நாடியான கேள்வி.

1857-க்கு வருவோம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம், பஞ்சாப் பக்கம் அம்பாலா, சியால்கோட் என மூன்று இடங்களில் சிப்பாய்களுக்கு என்ஃபீல்டு பயிற்சி தொடங்கியது. அந்த ஜனவரியில் டம்டம்மில் ஒரு தொழிலாளி, உயர்சாதிச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய சொம்பில் தண்ணீர் கேட்டார். தீட்டு என்று சிப்பாய் மறுத்தார். "பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறீர்கள், அப்போது உங்கள் சாதி எங்கே போகும்?" என்ற பொருளில் தொழிலாளி திருப்பிக் கேட்டார். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. பிற்காலத்தில் தலித் வரலாற்றை எழுதியவர்கள் அவரை மாதாதீன் என்று குறிப்பிடுகிறார்கள். தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்பது அங்கே வேலை செய்பவனுக்குத்தான் தெரியும். அவரிடமும் யாரும் தாமாகப் போய் எதையும் கேட்டிருக்கவில்லை.

கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று அதிகாரிகள் சரியாக விசாரித்திருக்கவில்லை. பிறகு, சிப்பாய்களே நெய்யும் மெழுகும் தடவிக்கொள்ளலாம், கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றெல்லாம் இறங்கி வந்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. "கடிக்க வேண்டாம் என்கிறார்களே, அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கிறது" என்ற பேச்சுதான் வளர்ந்தது. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-ல் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9-ல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது. அந்த 85 பேருக்கு அன்று கொடுத்தது என்ஃபீல்டு தோட்டாவே இல்லை, பழைய வகைத் தோட்டா. கொழுப்பு ஒரு பொறிதான். நிலவரி, நாடு பிடிப்பு, சம்பளப் பாகுபாடு என்று விறகு முன்பே அடுக்கியிருந்தது.

கிளர்ச்சி வெடித்த பிறகு பெரும்பாலான சிப்பாய்களின் கையில் இருந்தது பழைய வழவழப்பான துப்பாக்கி. எதிரே ஆங்கிலப் படைகளின் கையில் என்ஃபீல்டு. இவர்கள் சுட்ட குண்டு எட்டாத தூரத்திலிருந்து அவர்கள் சுட்டார்கள். எதை வாயால் தொட மாட்டோம் என்றார்களோ அதே துப்பாக்கிதான் அவர்களைச் சாய்த்தது. அப்படி என்ஃபீல்டோடு போன படைகளில் ஒன்று நம் சென்னையிலிருந்து கப்பலேறிய ஐரோப்பியர் படை, மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். அதன் தலைவர் ஜேம்ஸ் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகள் பிரசித்தம். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்ததும், 1937-ல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது அருங்காட்சியகத்துக்குப் போனதும் உங்களுக்கு நான் நடத்திய பாடம்தான்.

நான்கே வருஷத்தில், 1861-ல், அமெரிக்காவில் போர் தொடங்கியது. அங்கே இரு பக்கமும் பள்ளம் வெட்டிய துப்பாக்கி. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற அவர்களுடைய சொந்தத் தயாரிப்பும் என்ஃபீல்டும்தான் அதிகம். ஆனால் தளபதிகள் படித்த பாடம் பழையது: வரிசையாக நிறுத்து, நடத்திக்கொண்டு போ. கெட்டிஸ்பர்க்கின் மூன்றாம் நாள், சுமார் 12,500 தெற்கத்திய வீரர்கள் முக்கால் மைல் திறந்த வெளியைக் கடந்து நடந்தார்கள். பாதிக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். அந்த வெளியின் ஓரத்தில்தான் நான் நின்றேன்.

எல்லாம் இந்தத் துப்பாக்கியின் வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. பீரங்கிகள் பெரும் சேதம் செய்தன. பெரும்பாலான சண்டைகள் பழையபடி நூறு கெஜத்தை ஒட்டிய தூரத்தில்தான் நடந்தன என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மின்யே குண்டு மெதுவாக, வளைந்து போகும். 300 கெஜத்துக்குக் குறி வைத்தால் நடுவில் நிற்பவனின் தலைக்கு மேலாகப் போய்விடும். தூரத்தை மதிப்பிடத் தெரிய வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பட்ட இடத்தில் அந்த மெத்தான ஈயம் நசுங்கி எலும்பை நொறுக்கியது. கை கால்களை வெட்டி எடுப்பதுதான் அந்தப் போரின் மருத்துவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது. நான்கு வருஷத்தில் நோயும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் உயிர்கள் போயின.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோது என்னை நிறுத்தி உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு என்று தனியாக ஒரு துப்பாக்கி செய்தார்கள், 1858 மாடல். வெளியே பார்த்தால் என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். உள்ளே பள்ளங்களை முழுவதுமாகக் கடைந்து எடுத்துவிட்டார்கள். 14.7 மில்லிமீட்டர் குழல் 16.7 ஆகி, மறுபடி வழவழப்பாயிற்று. தூரத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும் குறிப்பலகையையும் எடுத்துவிட்டுச் சும்மா ஒரு குறி வைத்தார்கள். அதே உடுப்பு, அதே சல்யூட். ஆனால் நூறு கெஜத்துக்கு மேல் போகாத துப்பாக்கி. மறுபடி எழுந்தால் ஆபத்து என்ற பயம்.

படித்துவிட்டு வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலேயன் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த வகுப்பறை ஞாபகம் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே புத்தகம், ஒரே பெஞ்சு. ஆனால் முன் பெஞ்சுப் பிள்ளை கேள்வி கேட்டால் "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்பேன். காலனிப் பையன் கேட்டால் "உட்காரு". நானும் ஆளுக்குத் தகுந்த துப்பாக்கியைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. மணி கோத்து விற்கத் திருவிழாக்களுக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் போய் விசாரிக்கவில்லை. அன்று சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அவன் படிப்பைத் தொடர்ந்திருப்பான் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அவன் வீட்டுக் கஷ்டம் எனக்கென்ன தெரியும்? ஆனால் ஒரு துப்பாக்கியை உள்ளும் புறமும் அறிந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தான். அவனைக் கரும்பலகைக்கு அழைத்து "உன் அப்பா எப்படி மருந்து இடிப்பார், சொல்லு" என்று கேட்டிருந்தால், அன்று வகுப்பு முழுக்க, நானும் சேர்ந்து, கற்றுக்கொண்டிருப்போம்.

அந்த செட் மாணவர்களே, இதுதான் நான் கேட்கும் உதவி. இப்போது அவனுக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். திருத்தணி ஆடிக் கிருத்திகையிலோ, சோளிங்கர் மலையடிவாரத்திலோ, நகரி பஸ் ஸ்டாண்டிலோ யாராவது பார்த்திருக்கலாம். அவனை அறிந்தவர்கள் இருந்தால், பெயரையும் எண்ணையும் கீழே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் எங்கே இருந்தாலும் நானே போய்ப் பார்க்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் பஸ் ஏற முடியும்.

கெட்டிஸ்பர்க் கடையில் வாங்கிய ஈயக் குண்டு ஒன்று என் மேஜை மேல் இருக்கிறது. பேரன் தனக்கு வேண்டும் என்று கேட்டான். "இது வேறு ஒருவருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டு, இத்தனை வருஷம் சுமந்தேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் வரலாற்று சார்,
பள்ளிப்பட்டு